மாப்பிள்ளை ஸ்லைடு

ஆகஸ்ட் 4

கணக்குப் புலி அக்காவுக்கு,

நான் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, மூக்குக் கண்ணாடியைத் தொலைக்காம இருக்கேன்னு நம்பறேன். எங்க ஹாஸ்டல்ல போன் ஒண்ணே ஒண்ணுதான். வரிசையில நின்னு பேசினா, பின்னாடி நிக்கறவ நம்ம வீட்டுக் கதை பூராவும் கேட்டுட்டுப் போய் சாப்பாட்டு மேஜையில ஒலிபரப்பு பண்ணிடறா. அதனால இனிமே கடிதம்தான்.

ரெண்டாம் வருஷம் ஆரம்பிச்சாச்சு. லேப் டெக்னாலஜின்னு பேருதான் பெரிசு, போன வருஷம் முழுக்க கண்ணாடிக் குழாய் கழுவினதுதான் மிச்சம். இப்பதான் ரத்தத்துல கை வெச்சிருக்கோம். ஒருத்தர் விரலை ஒருத்தர் குத்திக்கணும். என் பக்கத்துல உக்கார்ற உசரக்காரி ஊசியைப் பார்த்ததுமே மயங்கி என் மேல சாஞ்சுட்டா. குத்தினது என் விரலைத்தான், மயங்கினது அவ.

ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடுங்கற கண்ணாடித் துண்டுல மெல்லிசா இழுத்து, சாயம் ஊத்தி, மைக்ரோஸ்கோப்ல வெச்சு வெள்ளை அணுக்களை நூறு வரைக்கும் எண்ணணும். அந்த நூறுல எந்த வகை எத்தனைன்னு பிரிச்சு எழுதணும். நடுவுல யாராவது கூப்பிட்டா போச்சு, மறுபடி ஒண்ணுலேருந்து.

லேப்ல ஒரு பழைய ஸ்லைடு இருக்கு. ரத்தப் புற்றுநோய் வந்த யாரோ ஒருத்தரோடது. எந்தப் பரீட்சையும் அது இல்லாம நடந்ததில்லையாம், அதனால சீனியர்கள் அதுக்கு மாப்பிள்ளைன்னு பேர் வெச்சிருக்காங்க. மாப்பிள்ளை வந்து உக்காந்தாச்சான்னு கேட்டுட்டுத்தான் பரீட்சைக்கே உள்ள போவாங்க. நேத்து எங்களுக்கும் காட்டினாங்க. சும்மா சொல்லக்கூடாது, என்ன அழகுங்கற. ஊதா நிறத்துல பெரிசு பெரிசா அணுக்கள், எல்லாம் ஒரே முகஜாடை.

அண்ணன் இருந்த ஆஸ்பத்திரி எங்க லேப் ஜன்னல்லேருந்து தெரியும். என்னைச் சேர்க்க வந்தப்பகூட அம்மா பஸ் ஸ்டாண்டைத் தாண்டி வரல, அப்பாதான் கூட வந்தார். அவன் போய் ஏழு வருஷம் ஆகப் போகுது. நான் அந்தப் பக்கம் அதிகம் பார்க்கறதில்ல.

பதில் போடு. ரெண்டு வரியில முடிச்சா கோவிச்சுப்பேன்.

உன் வாலு

---

ஆகஸ்ட் 21

வாலுக்கு,

உடம்புக்கு ஒண்ணுமில்ல. கண்ணாடி பத்திரமா மூக்கு மேலதான் இருக்கு. உனக்கும் சளி கிளி இல்லாம இருக்கட்டும்.

இங்க எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் எங்களை வறுத்து எடுக்குது. எங்க புரொபசர் ஒரு தேற்றத்தை ஆரம்பிச்சா மூணு கரும்பலகை தாண்டித்தான் மூச்சு விடறார். கடைசியில 'இது வெளிப்படை'ன்னு எழுதுவார். யாருக்கு வெளிப்படைன்னு கேக்க இதுவரை ஒருத்திக்கும் தைரியம் வரல. சாயங்காலம் முதல் வருஷப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் டியூஷன் எடுக்கறேன். என்னைப் பார்த்தா டீச்சர்னு எழுந்து நிக்குதுங்க.

மாப்பிள்ளை கீப்பிள்ளைன்னு பேர் வைக்கறது எனக்குப் பிடிக்கல. அது யாரோ பெத்த பிள்ளை. நீ வேற ஸ்லைடை வெச்சுப் பழகிக்கோ. லேப்புன்னா ஒண்ணா ரெண்டா இருக்கும்.

அம்மாவுக்கு முதுகு வலி எப்படி இருக்குன்னு கேட்டு எழுது. கடையிலயும் வீட்டுலயும் தையல் மெஷின்லேருந்து நடுநடுவுல எழுந்து நடக்கச் சொல்லு. நான் சொன்னா கேக்கமாட்டாங்க.

அன்புடன்
அக்கா

---

செப்டம்பர் 14

அக்காவுக்கு,

நல்லா இருக்கேன்னு எழுதினா பொய். உடம்பு நல்லாத்தான் இருக்கு.

போன வாரம் எங்க இன்ஸ்ட்ரக்டர் சார் மாப்பிள்ளை கதையைச் சொன்னார். எதிர்ல இருக்கற ஆஸ்பத்திரிக்கும் ரத்தம் எடுத்துச் சோதிக்கறவர் அவர், சாதாரணமா அதிகம் பேசறவர் இல்ல. நாங்க கூட்டமா நின்னு மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு சிரிச்சுட்டு இருந்தோம், அதைக் கேட்டுட்டு வந்து சொன்னார். "விரலைக் குத்தும்போது எல்லாரும் மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க. அந்தப் பையன் திருப்பல. சொட்டையே பார்த்துட்டு, இதுல எத்தனை சார் இருக்கும்னு கேட்டான். ஒரு கன மில்லிமீட்டருக்கு இவ்வளவுன்னு சொன்னேன். சொட்டு எவ்வளவு பெரிசுன்னு கேட்டு, வாயாலேயே பெருக்கி விடையைச் சொல்லிட்டான். காலேஜ்ல கணக்குப் படிச்சுட்டு இருந்தானாம்."

அக்கா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அடைச்சாலும் சொட்டிக்கிட்டே இருக்கற நம்ம குளியலறைக் குழாய்ல ஒரு வருஷத்துக்கு எத்தனை குடம் வீணாப் போகுதுன்னு சுவத்துல எழுதி வெச்சு, அப்பாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது யாரு, நம்ம அண்ணன்தானே? எத்தனை வருஷத்துக்கு முன்னாடின்னு சாரைக் கேட்டேன். ஆறு ஏழு இருக்கும்னார். பேரைக் கேட்டேன். நோயாளி பேரைச் சொல்றது எங்க தொழில்ல முறை இல்லம்மான்னுட்டார்.

அன்னியிலேருந்து என்னால எந்த ஸ்லைடையும் எண்ண முடியல. முப்பது நாப்பது வரைக்கும் போறேன். அப்புறம் நான் அந்த அணுக்களைப் பார்க்கலை, அதுங்கதான் என்னைப் பார்க்குதுங்கன்னு தோண ஆரம்பிச்சுடுது. கையை எடுத்துடறேன்.

நீதான் எனக்கு ஒரு வழி சொல்லணும். உடனே எழுது.

வாலு

---

அக்டோபர் 27

அக்காவுக்கு,

ஆறு வாரமா உன்கிட்டேருந்து ஒரு காகிதம் இல்ல. அம்மாகிட்ட கேட்டா, அவ நல்லாத்தான் இருக்கா, போன் பண்ணினாளேங்கறாங்க. அப்ப எனக்கு மட்டும்தான் நீ ஊமையா?

காலேஜ்ல நடந்த செய்முறைத் தேர்வுல நான் பெயில். வெள்ளைத்தாளைக் கொடுத்துட்டு வந்தேன். துறைத் தலைவி கூப்பிட்டு, "எண்ணத் தெரியாத பொண்ணை எப்படிம்மா ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அனுப்பறது? மார்ச் பரீட்சையிலயும் இப்படின்னா வேற படிப்புப் பார்த்துக்கோ"ன்னு சொல்லிட்டாங்க. அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. வீட்டுல இன்னும் சொல்லல. எனக்கு இந்தப் படிப்பு பிடிச்சிருக்கு அக்கா. கை வேலையில என்னை மிஞ்ச எங்க வகுப்புல ஆளில்ல, பெருமைக்குச் சொல்லல. அதைவிட்டுட்டு எங்க போவேன்?

ஒண்ணு கேக்கறேன். உன் கணக்கை வெச்சுச் சொல்லு. அது அண்ணனா இருக்க எத்தனைக்கு எத்தனை வாய்ப்பு? இல்லைன்னு நீ சொன்னா நான் நம்பிடுவேன். எண்ணிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கோ. என் மேல கோவம்னா அதையாவது எழுது.

வாலு

---

நவம்பர் 9

வாலுக்கு,

கோவம் எதுவும் இல்ல. எனக்குக் காய்ச்சல், அதோட தேர்வு வேற. இப்ப தேவலை. நீ தூங்கறியா ஒழுங்கா?

நீ கேட்டதைக் கணக்காவே பார்ப்போம். அந்த ஆஸ்பத்திரிக்கு இந்த நோயோட வருஷத்துக்கு நூறு பேர் வர்றாங்கன்னு வெச்சுக்கோ. உங்க சார் அங்க இருபது வருஷமா இருக்கார்னா, ரெண்டாயிரம் பேர். அதுல யாரோ ஒருத்தரோட ரத்தம்தான் அந்தக் கண்ணாடியில இருக்கு. அது நம்ம வீட்டு ஆளா இருக்க வாய்ப்பு ரெண்டாயிரத்துல ஒண்ணு. நீ ரோட்டுல நடந்து போகும்போது தலையில தேங்கா விழறதுக்கு இதைவிட அதிக வாய்ப்பு இருக்கும்.

அதனால நிம்மதியா உக்காந்து எண்ணு. கண்டதையும் மனசுல போட்டுக் குழப்பிக்காதே.

அன்புடன்
அக்கா

---

நவம்பர் 25

அக்காவுக்கு,

காய்ச்சல் விட்டிருக்கும்னு நினைக்கறேன். நான் ஒழுங்கா தூங்கறதில்ல.

உன் கடிதத்தைப் படிச்சதும் போன உயிர் திரும்பி வந்துச்சு. அன்னைக்கே போய் அறுபது வரைக்கும் எண்ணினேன். அப்புறம் மெஸ்ஸுல சாப்பிட்டுட்டு இருக்கும்போது மண்டையில உறைச்சுது. எங்களுக்கும் இந்த வருஷம் புள்ளியியல் ஒரு பேப்பர் இருக்குடி அக்கா, மறந்துட்டியா?

ரெண்டாயிரம் பேரையும் எதுக்குக் கணக்குல சேர்த்த? அதுல கிழவங்க, குழந்தைங்க, பொம்பளைங்க எல்லாரும் இருப்பாங்க. ஆறேழு வருஷத்துக்கு முன்னாடி வந்தவன், காலேஜ்ல கணக்குப் படிச்சவன், ஊசிக்கு மூஞ்சியைத் திருப்பாம சொட்டுல எத்தனைன்னு கேட்டவன். அவங்களை மட்டும்தானே எண்ணணும்? அப்படி எத்தனை பேர் தேறுவாங்க? எனக்குத் தெரிஞ்சு ஒருத்தன்தான்.

இந்தத் தப்பை உன் டியூஷன் பிள்ளை செஞ்சா நீ தலையில குட்டுவ. நீ தெரியாம செய்யல. எனக்குக் காதுல பூ சுத்தியிருக்க. ஏன்னு மட்டும் சொல்லு.

வாலு

---

டிசம்பர் 6

வாலுக்கு,

நலமா இரு. நான் நலம்.

கணக்குல தப்பு இருக்குன்னு நீ சொல்றது சரி. அவசரத்துல போட்டது. இதை இதோட விட்டுடு. லீவுக்கு என்னால வீட்டுக்கு வர முடியாது, புராஜெக்ட் வேலை கழுத்தைப் பிடிக்குது. அம்மாகிட்ட சொல்லிட்டேன். நீ போய் அவங்களோட இரு.

அக்கா

---

ஜனவரி 11

அக்காவுக்கு,

அம்மாவும் அப்பாவும் நலம். அம்மாவுக்கு முதுகு வலி அப்படியேதான் இருக்கு. நீ எப்படி இருக்கேன்னு இந்தத் தடவை நான் கேக்கப் போறதில்ல.

அண்ணன் போன அந்த வாரம் வீட்டுல நாங்க மூணு பேர்தான்.  அம்மா நாள் பூராவும் மெஷினை ஓட்டிக்கிட்டே இருந்தாங்க, நடுவுல ஒரு தடவை, "பெரியவ ஒரு வருஷமாவது இந்த நேரத்துல வீட்டுல இருக்கக்கூடாதா?"ன்னாங்க. புராஜெக்ட்னு நான் உனக்காக வக்காலத்து வாங்கினேன்.

திரும்பி வந்து லேப்புக்குப் போனேன். இன்ஸ்ட்ரக்டர் சார் மாப்பிள்ளையை எடுத்துத் துடைச்சுட்டு இருந்தார். லீவுல யாராவது பார்த்தாங்களா சார்னு சும்மாதான் கேட்டேன். "வருஷா வருஷம் ஒருத்தங்க வருவாங்கம்மா, அந்தப் பையனுக்கு ஏதோ உறவு. இந்த வருஷமும் வந்து நூறு எண்ணிட்டுப் போனாங்க"ன்னார். எப்படி இருப்பாங்கன்னு கேட்டேன். ஒல்லியா இருப்பாங்க, கண்ணாடியை நெத்திக்கு ஏத்திவிட்டுட்டுப் பார்ப்பாங்க, எல்லாரும் வலது கையால திருகறதை அவங்க இடது கையால திருகுவாங்கன்னார்.

போன வருஷம் நான் இங்கதான் இருந்தேன் அக்கா. லீவுக்குப் போகாம அடுத்த கட்டடத்துல குழாய் கழுவிட்டு இருந்தேன். நீ வந்துட்டு, என்னைப் பார்க்காமப் போயிருக்க. அது அண்ணன்தான்னு உனக்கு எப்பவோ தெரியும். எனக்கு ரெண்டாயிரத்துல ஒண்ணுன்னு எழுதற.

என்னால தாங்க முடியல. படிப்புப் போனா போகட்டும். நீ ஏன் என்னை விட்டுட்டு அவனைப் பார்க்க வந்தேன்னு சொல்லு.

உன் தங்கச்சி

---

பிப்ரவரி 16

வாலுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். நீ சாப்பிடறியா? உன் கையெழுத்தே இளைச்சுப் போயிருக்கு.

அது அண்ணன்தான். அந்த ஸ்லைடை பிள்ளைகளுக்குக் காட்ட வெச்சுக்கலாமான்னு உங்க சார் அவன்கிட்டயே கேட்டிருக்கார். "வாத்தியார் ஆகணும்னுதான் சார் இருந்தேன், இப்படியாவது ஆயிட்டுப் போறேன்"னு சொன்னானாம். எனக்கு மட்டும் சொன்னான். அம்மாகிட்ட சொல்லிடாதேன்னான். நான் சொல்லல.

அவன் போன மறு வருஷம், ஒரு நுழைவுத் தேர்வுன்னு வீட்டுல சொல்லிட்டு உங்க லேப்புக்குப் போனேன். பார்த்துட்டு வந்துடணும்னுதான் நினைச்சேன். உங்க சார் பொறுமையா எது கெட்ட அணு எது நல்ல அணுன்னு காட்டிக் கொடுத்தார். நூறு எண்ணினேன். கெட்டது எண்பத்தி ஆறு. அடுத்த வருஷம் போனேன். அதே கண்ணாடி, வேற இடத்துலேருந்து எண்ண ஆரம்பிச்சேன் போல. எண்பத்தி ஒண்ணு வந்துச்சு. வாலு, எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்றது. அஞ்சு குறைஞ்சிருக்கு.

கொஞ்சமா எடுத்து எண்ணினா விடை ஆடும். இதைத்தான் வாரம் ரெண்டு நாள் கரும்பலகையில எழுதி டியூஷன் எடுக்கறேன். தெரியாம இல்ல. ஆனா போன வருஷம் எழுபத்தி நாலு. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல, இந்த வருஷம் பரவாயில்லன்னு வாய்விட்டே சொல்லிட்டேன். பக்கத்து சீட்டு அம்மா யாருக்கு உடம்பு சரியில்லன்னு கேட்டாங்க. எங்க அண்ணனுக்குன்னேன். சின்ன வயசு, தேறிடுவான்மான்னாங்க. ஊர் வர்ற வரைக்கும் அவங்ககிட்ட அவனைப் பத்தியே பேசிட்டு வந்தேன். என்ன படிக்கறான், என்ன சாப்பிடுவான், எல்லாம்.

உன்னை ஏன் பார்க்கலைன்னு கேக்கற. உனக்குச் சரியா எண்ணத் தெரியும். சந்தேகமா இருக்கற அணுவையெல்லாம் நான் நல்லதுல சேர்த்துப்பேன். நீ பக்கத்துல நின்னா அது முடியாது. அதான். வேற ஒண்ணும் இல்ல, உன் மேல இருக்கற பாசம் குறைஞ்சுடுச்சுன்னு நினைக்காதே. நீயும் இதுல மாட்டிக்கக்கூடாதுன்னுதான் அந்தப் பொய்க் கணக்கைப் போட்டேன்.

இந்த டிசம்பர்ல எண்பத்தி மூணு. ஏறிடுச்சு. வந்து ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கல.

மார்ச்சுல உன் பரீட்சைக்கு அவன் வருவான் இல்ல? எண்ணிட்டு எத்தனைன்னு எனக்கு எழுதறியா? உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.

அக்கா

---

மார்ச் 30

என் அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். இந்தத் தடவை நிஜமாவே.

முதல்ல பரீட்சைச் செய்தி. மாப்பிள்ளை வந்தார். நூறு எண்ணி எழுதிட்டேன். வெளியிலேருந்து வந்த பரீட்சகர் விடையைச் சரி பார்த்தார். பாஸ். ஜூன்லேருந்து எதிர்ல இருக்கற அந்த ஆஸ்பத்திரியிலதான் பயிற்சி.

ஆனா பரீட்சையில வந்த நூறை நான் உனக்குச் சொல்லமாட்டேன். அதை வெச்சு நீ சந்தோஷப்படுவ, இல்ல சோறு இறங்காம கிடப்ப. எல்லாரும் போனதும் சார்கிட்ட, இன்னும் கொஞ்ச நேரம் இந்த ஸ்லைடு வேணும் சார், இவர் என் அண்ணன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுட்டு, தண்ணி கொண்டுவந்து வெச்சுட்டு வெளியில போயிட்டார்.

நான் ஆயிரம் எண்ணினேன் அக்கா.

ஒவ்வொரு நூறு முடிஞ்சதும் ஜன்னல்கிட்ட போய் அழுதேன், அப்புறம் மூக்கைச் சிந்திட்டு வந்து அடுத்த நூறை ஆரம்பிச்சேன். ஒரு நூறுல எழுபத்தி ஆறு வந்துச்சு. இன்னொண்ணுல எண்பத்தி ஏழு. ஒரே மத்தியானத்துல உன் அத்தனை வருஷமும் வந்து போச்சு. எழுபத்தி ஆறு வந்தப்ப எனக்கும் ஒரு நிமிஷம் மனசு துள்ளுச்சு, பொய் சொல்லல. நீ ஏன் வந்தேன்னு அப்பதான் புரிஞ்சுது. உன் மேல இருந்த கோவமும் அதோட போச்சு.

மொத்தம் ஆயிரத்துக்கு எண்ணூத்தி பதினொண்ணு. சந்தேகமானதை ரெண்டு ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் எழுதறேன். இவ்வளவு எண்ணினா விடை எவ்வளவு ஆடும்னு நீயே போட்டுப் பாரு, உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல. அண்ணன் எந்த வருஷமும் தேறல அக்கா. எந்த வருஷமும் மோசமாவும் ஆகல. அவன் விரலைக் குத்தின அன்னைக்கு என்னவோ, அதுதான் அந்தக் கண்ணாடியில இருக்கு.

இதுதான் ரிப்போர்ட். வேற மாதிரி எழுத மனசு வந்துச்சு. ஆனா நீ என்கிட்ட கேட்டது அதுக்கு இல்லைன்னு நினைச்சேன். தப்பா இருந்தா மன்னிச்சுக்கோ.

பதில் உடனே போடணும்னு இல்ல.

உன் தங்கச்சி

---

மே 2

என் கண்ணு வாலுக்கு,

உன் பாஸ் செய்தியை அப்பா நாலு பேர்கிட்ட சொல்லிட்டாராம். அதுக்கு மேல சந்தோஷம் அவருக்குக் காட்டத் தெரியாது.

கவரைப் பார்த்ததுமே உள்ள நம்பர் இருக்குன்னு தெரிஞ்சுது. மூணு வாரம் பிரிக்காம தலையணைக்கு அடியில வெச்சிருந்தேன். முந்தாநாள்தான் படிச்சேன். எவ்வளவு ஆடும்னு போட்டுப் பார்த்தேன். நூத்துக்கு ரெண்டரைக்கு மேல போகாது. மறுபடி போட்டேன். அப்பவும் போகல.

கீழ இறங்கிப் போய், அம்மா தைக்கற கடைக்குப் போன் போட்டேன். முதலாளி அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார். பின்னாடி மெஷின் சத்தம் கேட்டுது. என்னடி இந்த நேரத்துல, உடம்பு கிடம்பு சரியில்லையான்னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. "அம்மா, அண்ணன் செத்துட்டான்மா"ன்னேன்.

அம்மா கடையில இருக்கற யாரையோ மெஷினை நிறுத்தச் சொன்னாங்க. "ஆமாண்டா கண்ணு"ன்னாங்க. "நீ கிளம்பி வீட்டுக்கு வா."

வெள்ளிக்கிழமை பஸ் ஏறறேன். நீயும் வா.

அக்கா